வேலூரில் ஒரு சாம்பிள் ரூம்

மலர்க் குழுத் தம்பிகள் வீட்டுக்கு வந்து, "அண்ணா, எல்லாரும் ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தியே எழுதிக் கொடுத்திருக்காங்க. நீங்க சரித்திரம் படிச்சவரு, உருப்படியா ஒரு கட்டுரை கொடுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சரித்திரம் படித்தது உண்மை. படித்த கையோடு பனியன் தொழிலுக்கு வந்துவிட்டதும் உண்மை. முப்பது வருடத்துக்கு மேல் ஓவர்லாக் மிஷின் சத்தத்திலேயே காலம் போய்விட்டதால், எந்தச் சரித்திரத்தைப் படித்தாலும் தொழிலோடு ஒட்டிப் பார்த்தால்தான் எனக்குப் புரிகிறது. அப்படிப் புரிந்த ஒன்றை இங்கே எழுதுகிறேன். குற்றம் குறை இருந்தால் பொறுத்தருள்க.

திருப்பூர் ஸ்டேஷனில் சென்னை செல்லும் ராத்திரி வண்டிக்கு நின்றிருக்கிறீர்களா? சூட்கேஸோடு நிற்பவர் பெரும்பாலும் சென்னைக்கு. பெரிய எக்ஸ்ரே கவரும், வெந்நீர் பிளாஸ்க்கும், கூடவே தளர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரும் இருந்தால், அவர்கள் காட்பாடிக்கு. காட்பாடியில் இறங்கினால் வேலூர். வேலூர் என்றால் சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. பக்கத்தில் கோயமுத்தூரில் இத்தனை ஆஸ்பத்திரி இருக்கும்போது ஏன் இவ்வளவு தூரம் என்று ஒருமுறை கேட்டேன். "அங்க போனா என்னன்னு கண்டுபுடிச்சிருவாங்க" என்றார் ஒருவர்.

வைத்தியம் பார்ப்பது ஒன்று, கண்டுபிடிப்பது வேறொன்று. லாப நோக்கம் இல்லாமல் அறக்கட்டளைகளும் மிஷன்களும் நடத்தும் ஆஸ்பத்திரிகள் நம் நாட்டில் ஏராளம். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தவையும் பல. ஆனால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவை மிகச் சில. ஏன்? அங்கே மட்டும் புத்திசாலிகள் பிறந்தார்களா? இல்லை. ஒரு நிறுவனம் தன் ஆட்களுக்கு எதற்காகச் சம்பளம் கொடுக்கிறது, எதற்காக அவர்களைப் பாராட்டுகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இதை விளக்க முதலில் நம்ம ஊர் விஷயம் ஒன்றைச் சொல்கிறேன்.

பவர் டேபிளில் உட்காரும் டெய்லருக்குப் பீஸ் ரேட். எத்தனை டசனோ அத்தனை காசு. அதில் தப்பே இல்லை, ஷிப்மென்ட் நேரத்துக்குப் போவதே அதனால்தான். ஆனால் சாம்பிள் ரூமில் இருப்பவருக்குப் பீஸ் ரேட் கிடையாது, ஷிப்ட் சம்பளம். பையர் ஒரு படத்தையும் அளவையும் அனுப்புவார். சாம்பிள் டெய்லர் தைப்பார், பிரிப்பார், துவைத்துச் சுருக்கம் பார்ப்பார், கழுத்துப் பட்டி ஏன் இழுக்கிறது என்று மோட்டைப் பார்த்து யோசிப்பார், மறுபடி தைப்பார். சில நாள் முழு ஷிப்டும் போய் ஒரு பீஸ்கூடத் தேறாது. அது நஷ்டமல்ல; பின்னால் வரும் பத்தாயிரம் பீஸுக்குப் போட்ட விதை.

இதை அறியாமல் 1990களில் ஒரு ஆர்டர் நெருக்கடியில் எங்கள் சாம்பிள் டெய்லரையும் பீஸ் ரேட்டுக்கு மாற்றினேன். மூன்றே வாரம். சாம்பிள் குவிந்தது, அத்தனையும் அப்ரூவல் ஆகாமல் திரும்பி வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பீஸ் ரேட்டுன்னா கை ஓடுமுங்க, ரோசனை ஓடாதுங்க" என்றார். நான் படித்த பொருளாதாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது.

இனி வேலூருக்குப் போவோம்.

ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணி, தென்னிந்தியாவில் மிஷன் டாக்டர்களாக இருந்த குடும்பத்தில் 1870-ல் பிறந்தவர். பிரசவத்துக்கு ஆண் டாக்டரை அனுமதிக்காத மூன்று வீடுகளில் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் இறந்த செய்திதான் அவரை மருத்துவம் படிக்கத் தூண்டியது என்பார்கள். படித்துத் திரும்பி 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1942-ல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. 1947 முதல் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்த வேண்டிய பணமும் ஆட்களும் ஒரு சபையால் முடியாத காரியம். ஆகவே பல நாடுகளின் பல கிறிஸ்தவ சபைகள் கூட்டுச் சேர்ந்தன. இதனால் அங்கே தனி முதலாளி என்று ஒருவர் இல்லாமல் போனார்.

இன்னொரு வழக்கமும் அங்கே ஊன்றிக்கொண்டது. டாக்டர்கள் மாதச் சம்பளக்காரர்கள். வெளியே தனிப் பிராக்டீஸ் கூடாது. இருபது நோயாளியைப் பார்த்தாலும் இருநூறு பேரைப் பார்த்தாலும் அதே சம்பளம்தான். தொழிலில் இருப்பவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் சாம்பிள் ரூமை நினைத்துக்கொள்ளுங்கள்.

1946-ல் லண்டனில் பயின்ற ஒரு சர்ஜன் வேலூருக்கு வந்து சேர்ந்தார். பெயர் பால் பிராண்ட். நமக்கு அந்நியர் இல்லை. 1914-ல் பிறந்தவர், சிறுவயதில் வளர்ந்தது நம் நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையில். டாக்டருக்குப் படிப்பதற்கு முன்னால் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். செங்கல்பட்டில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளைப் பார்த்தார். அவற்றை நிமிர்த்த முடியுமா என்று எந்த சர்ஜனும் முயன்று பார்க்காததைக் கண்டு திகைத்தார். தொழுநோயாளியிடம் காசு இல்லை. ஊருக்கு அவரைக் கண்டால் பயம். பீஸ் ரேட் கணக்கில் அந்தக் கைக்கு மதிப்பு பூஜ்யம். 1948-ல் பிராண்ட் தசைநாண்களை இடம் மாற்றி வைத்துத் தைக்கும் அறுவை சிகிச்சையை வேலூரில் தொடங்கினார். மடங்கிய விரல்கள் விரிந்தன.

அதைவிடப் பெரியது அவர் கேட்ட அடுத்த கேள்வி. தொழுநோயில் விரல்கள் ஏன் குறைகின்றன? நோய் சதையை அரித்துவிடுகிறது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். பிராண்ட் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையைக் கூடவே இருந்து கவனித்தார். துருப்பிடித்த பூட்டைத் திறக்க ஒரு பையன் சாவியை அழுத்தித் திருக, விரல் கிழிந்து ரத்தம் வந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. ராத்திரியில் தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியவில்லை. அதனால் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள்! குற்றவாளி சதையழுகல் அல்ல, வலி தெரியாமல் போவதுதான் என்பது இப்படிப் புரிந்தது. அந்த அறிவிலிருந்து மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு வந்தது. இன்று நம்மில் சர்க்கரை வியாதிக்காரர்கள் பலர் காலில் போடும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததுதான். மலரைப் படிக்கும் நண்பர்கள் இப்போது தங்கள் காலை ஒருமுறை குனிந்து பார்க்கலாம்.

இரண்டாவது உதாரணம் போலியோ. டி. ஜேக்கப் ஜான் என்ற குழந்தை வைத்தியர், வைரஸ் ஆராய்ச்சியாளரும்கூட. மேல்நாட்டில் மூன்று தவணை சொட்டு மருந்து கொடுத்தால் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். நம் குழந்தைகளுக்கு அப்படி வருவதில்லை, பலருக்கு மூன்று தவணை போதாது என்று வேலூரில் ரத்தம் எடுத்துப் பார்த்துக் கண்டார், 1972-ல் வெளியிட்டார். யாருக்கும் இனிக்காத செய்தி இது. மருந்து விற்பவருக்கும் பிடிக்காது, திட்டம் போட்டவருக்கும் பிடிக்காது. ஆனால் இதைச் சொன்னதால் அவருடைய சம்பளம் குறையவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் கூடியிருக்கவும் போவதில்லை. நம் நாட்டில் 1995 முதல் நடந்த போலியோ முகாம்களில் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து போட்டதும், 2011 ஜனவரியோடு நோய் நின்றதும், 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதி என்று சான்று கிடைத்ததும், 2015-ல் ஊசி மருந்து தேசியத் திட்டத்தில் சேர்ந்ததும் பின்னால் வந்த கதை. போலியோ முகாமில் விரலில் மை வைத்துக்கொண்ட நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய ரத்தப் பரிசோதனை பற்றித் தெரியாது.

அதே மாதிரி 1986. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமன், நம் நாட்டில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ரத்த மாதிரிகள் சேகரிக்க ஏற்பாடு செய்தார். சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை; மாதிரிகள் வேலூருக்குப் போயின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக அங்கேதான் தெரியவந்தது. கேள்வி கேட்டது அரசுக் கல்லூரி என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பதில் சொல்லத் தயாராக ஒரு லேப் இருந்தது, "இதனால் இந்த மாதம் என்ன வருமானம்?" என்று கேட்காத இடத்தில்.

ரொம்ப சிம்பிள், எல்லா டாக்டருக்கும் மாதச் சம்பளம் கொடுத்தால் ஆராய்ச்சி வளர்ந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். சரித்திரம் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவதில்லை.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் இதே வழக்கு நடந்தது. ராக்பெல்லர் பணத்தில் இயங்கிய ஒரு கல்விக் குழு, 1913-ல் பெரிய தொகை தர முன்வந்தது. பேராசிரியர்கள் முழுநேரச் சம்பளக்காரர்களாக இருக்க வேண்டும், நோயாளியிடம் வாங்கும் பீஸ் அவர்கள் பைக்குப் போகக் கூடாது என்பது நிபந்தனை. அங்கே பல வருடம் பேராசிரியராக இருந்து இங்கிலாந்து போய்விட்ட வில்லியம் ஆஸ்லர் என்ற பெரிய வைத்தியர் இதைக் கடுமையாக எதிர்த்தார். நோயாளியின் உலகத்தோடு தொடர்பு அறுந்த பேராசிரியர்கள் உருவாகிவிடுவார்கள் என்பது அவர் கவலை. மருத்துவத் துறையில் முதல் முழுநேரப் பேராசிரியராக வந்தவரே 1917-ல் விலகிவிட்டார். ஆஸ்லர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சாம்பிள் ரூமில் தூங்குகிறவரையும் நான் பார்த்திருக்கிறேன். ஷிப்ட் சம்பளம் யோசிக்க இடம் கொடுக்கும், யோசிக்க வைக்காது.

வேலூர் இந்தப் பள்ளத்தில் விழாமல் தப்பியது எப்படி? என் சிற்றறிவுக்குப் பட்டது இது. அங்கே ஆராய்ச்சி செய்தவர் காலையில் வார்டிலும் நின்றார். கேள்வி வார்டிலிருந்துதான் வந்தது. 1960களின் தொடக்கத்தில் வடஆற்காடு கிராமங்களில் ஓயாத வயிற்றுப்போக்கும் உடல் மெலிவும் கொள்ளை நோயாகப் பரவியபோது, வேலூர் டாக்டர்கள் கிராமத்துக்கே போய் அதைப் பதிவு செய்தார்கள். பின்னாளில் ககன்தீப் காங் வேலூரின் நெருக்கடியான குடியிருப்புகளில் குழந்தைகளைப் பிறந்தது முதல் வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து ரோட்டா வைரஸ் பற்றி ஆராய்ந்தார். 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி அவர். 2024 டிசம்பரில் கடுமையான ஹீமோபிலியா நோயாளிகள் 5 பேருக்கு மரபணு சிகிச்சை செய்த முடிவை வேலூர்க் குழு உலகப் புகழ் பெற்ற பத்திரிகையில் வெளியிட்டது. சிகிச்சைக்குப் பின் அவர்களுக்கு அந்த ரத்தக்கசிவே ஏற்படவில்லை. 5 பேர்தான். பீஸ் கணக்கில் பார்த்தால் அது ஒரு டசன்கூட இல்லை!

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இதைப் பார்க்கலாம். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. பணம் கொடுக்கும் நோயாளிகளின் வருமானத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கும் ஆபரேஷன், டாக்டர்கள் சம்பளக்காரர்கள். வயலில் நெல்லோ தட்டையோ கண்ணில் பட்டுப் பூஞ்சைக் காளான் புண் வருகிறதே, அதற்கு விலை குறைந்த பழைய சொட்டு மருந்து நல்லதா, விலை கூடிய புதிய மருந்து நல்லதா என்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து சோதித்தார்கள். 323 நோயாளிகள். 2013-ல் முடிவு வந்தது: பழைய மருந்துதான் மேல். இந்தச் சோதனையால் எந்தக் கம்பெனிக்கு லாபம்? யாருக்கும் இல்லை. லாபம் விவசாயியின் கண்ணுக்கு. இதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் கண் ஆராய்ச்சி நிறுவனம். ஆக, சம்பளம் மட்டும் போதாது. வெளியிலிருந்து, லாபத்தில் பங்கு கேட்காத பணமும் வர வேண்டும்.

இனி கசப்பான பகுதி. 2005 முதல் 2014 வரை நம் நாட்டின் 579 மருத்துவ நிறுவனங்கள் எத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியிட்டன என்று டெல்லி டாக்டர் சமிரன் நந்தியும் சகாக்களும் எண்ணிப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். 332 நிறுவனங்கள், அதாவது 57.3 சதவீதம், பத்து வருடத்தில் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. வருடத்துக்கு நூறுக்கு மேல் வெளியிட்டவை வெறும் 25. வேலூர் முதல் வரிசையில் இருந்தது. மற்ற இடங்களில் டாக்டர்கள் சோம்பேறிகளா? இல்லவே இல்லை. ஓ.பி.யில் மூச்சுவிட நேரமில்லாமல் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு நிர்வாகம் வைத்த கணக்கு வேறு: எத்தனை படுக்கை நிரம்பியது, எத்தனை ஸ்கேன் எடுத்தது, எத்தனை சீட் நிறைந்தது. லாபம் பங்கு பிரிக்காத டிரஸ்ட் என்றாலும், மாதக் கடைசியில் பார்க்கும் கணக்கு அதுவானால் நடப்பதும் அதுதான்.

இதற்கு மருந்தாக ஆசிரியர் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை கட்டாயம் என்று விதி வந்தது. எந்தக் கட்டுரை கணக்கில் சேரும் என்று 2015-ல் அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் வரையறுத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் நான் மூன்று வாரம் செய்த தவறு நினைவுக்கு வருகிறதா? கட்டுரையை எண்ணிப் பதவி கொடுத்தால், சாம்பிள் ரூமுக்குள்ளேயே பீஸ் ரேட் நுழைந்துவிடுகிறது. கை ஓடும், ரோசனை ஓடாது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் பத்திரிகைகள் பெருகின. பிராண்ட் எலி கடித்த விரலுக்காக எத்தனை இரவு விழித்திருந்தார் என்பதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

கடைசியாக நம்ம ஊருக்கு வருகிறேன். பஞ்சும் நூலும் சம்பாதித்த பணம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் போவது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. 1926-ல் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தை ஐந்து பங்காக்கி, நால்வருக்கும் நான்கு, தர்மத்துக்கு ஒன்று என்று வைத்தார்கள். அந்த ஐந்தாவது பங்கிலிருந்து வளர்ந்த பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1985-ல் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது, பெயரிலேயே ஆராய்ச்சி என்ற சொல்லைச் சேர்த்து வைத்தது. 2022 ஜனவரியில் நம் திருப்பூருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. காலேஜ் ரோட்டில் நாம் டீ குடித்த காலத்தில் இதைக் கனவிலும் நினைத்ததுண்டா?

அந்த டாக்டர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இந்த ஊரில் நிறைய. பஞ்சுத் தூசியால் மில் தொழிலாளிக்கு வரும் நுரையீரல் நோயில் ஒரு விசேஷம் உண்டு: லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள்தான் நெஞ்சு அதிகம் அடைக்கும். அது நூல் மில் கதை. நிட்டிங்கிலும் கட்டிங் டேபிளிலும் இருபது வருடம் நின்றவரின் நெஞ்சு எப்படி இருக்கிறது? சாயப்பட்டறையில் நின்றவரின் தோல்? ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்து தைக்கும் பெண்ணின் இடுப்பும் ரத்தமும்? இதெல்லாம் ஒரு நாள் முகாமில் தெரியாது. ஆட்களைப் பெயர் சொல்லி, வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

இங்கே குற்றம் டாக்டர்கள் மேல் மட்டும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். நம்மில் முதலாளிகளான எத்தனை பேர், டாக்டரைக் கம்பெனிக்குள் விட்டு, ஆட்களின் நுரையீரலைச் சோதித்து வந்த முடிவை வெளியிடச் சம்மதித்திருக்கிறோம்? நான் சம்மதித்ததில்லை. முடிவு வந்தால் செலவு வரும் என்ற பயம். தெரியாமல் இருப்பதில் எனக்கு லாபம் இருந்தது. அதுதான் என் பீஸ் ரேட்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் சங்கம் வருடாவருடம் கண் சிகிச்சை முகாமும் ரத்த தான முகாமும் நடத்துகிறது, நல்ல காரியம், தொடரட்டும். அதோடு, மருத்துவக் கல்லூரி சம்மதித்தால், நம் உறுப்பினர்களின் கம்பெனிகளில் இரண்டு மூன்றின் கதவைத் திறந்து விடுவோம். ஐந்து வருடத்துக்குச் சோதனைச் செலவை ஏற்போம். என்ன முடிவு வந்தாலும் வெளியிடலாம் என்று முதலிலேயே எழுதிக் கொடுப்போம். ஐந்து வருடத்தில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். போகட்டும், சாம்பிள் ரூமில் அது சகஜம். முதல் கதவாக என் யூனிட்டின் கதவு இருக்கட்டும்.

எங்கள் அந்த சாம்பிள் டெய்லர் இப்போது இல்லை. கடைசி வருடங்களில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அவரும் ஒருநாள் எக்ஸ்ரே கவரோடு காட்பாடி வண்டி ஏறினார். அவருக்கு வந்தது தூசியாலா, பீடியாலா, வயசாலா என்று எனக்குத் தெரியாது. இருபது வருடம் அவர் தூசியில் நின்றபோது யாரும் அவர் நெஞ்சை அளந்து எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.